ஐந்து குற்றங்களும் எங்கள் ஜோடி மாடும்

இல்லறத்தானின் கொல்லாமை விரதத்தைக் கெடுக்கும் குற்றங்கள் ஐந்து என்கிறது சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம்: கட்டிப்போடுவது, அடிப்பது, உறுப்பைக் குத்துவது அல்லது அறுப்பது, தாங்காத பாரம் ஏற்றுவது, தீனி தண்ணீரை மறுப்பது. மாடு வைத்திருப்பவனைக் கண்முன் நிறுத்தி எழுதியது மாதிரி இருக்கிறது. கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பந்தய வண்டிகளுக்கு அச்சு கடைந்து கொடுப்பது உண்டு. நாலு பேர் கூட்டாக ஒரு ஜோடி மாடும் வளர்க்கிறோம். படித்ததும் தொழுவத்துக்கு ஆபீசர் சோதனைக்கு வந்தது போல ஆகிவிட்டது.

எங்கள் கூட்டில் ஒருவர் டீக்கடைக்காரர், ஒருவர் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை. வண்டி ஓட்டுகிற சாரதி, ரிட்டயர்டு பஸ் டிரைவர். யாருக்கும் இது பிழைப்பில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மினி லாரியில் வைக்கோல் பரப்பி மாட்டை ஏற்றினால், ஞாயிறு விடிய விளாத்திகுளம் பக்கமோ எட்டயபுரம் பக்கமோ தார் ரோட்டில் ஓட்டம். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, போக வர எத்தனை மைல் என்று நோட்டீசில் போட்டிருப்பார்கள். கொங்கு நாட்டு ரேக்ளா 200 மீட்டர், 300 மீட்டரில் முடிந்துவிடும். இங்கே மைல் கணக்கு. எனக்கு உறுத்துவது அந்த நீளம்தான்.

ஐந்தில் இரண்டை எளிதாகத் தாண்டிவிடுவோம். பருத்திக்கொட்டையும் உளுந்தும் பேரீச்சம்பழமும் தின்கிற எங்கள் காளை, அதன் சொந்தக்காரர்களைவிட நன்றாகச் சாப்பிடுகிறது. வண்டியும் பாரமில்லை, இரண்டு ஆள்தான். கட்டுத்தறியும் மூக்கணாங்கயிறும் உழவு மாட்டுக்கும் உண்டு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மிஞ்சுவது அடியும் குத்தும். தார்க்குச்சியால் குத்துவதும், வாலை முறுக்குவதும், சிலர் கடிப்பதும் பந்தயம் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல.

உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தபோது ஒரு கோடு போட்டது. அவசியத்துக்காக மாட்டை வருத்துவது ஒன்று, கேளிக்கைக்காக வருத்துவது வேறு. 2017 ஜனவரியில் தடையை எதிர்த்து மெரினா நிரம்பியது, தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தத்தையும், கர்நாடகக் கம்பளாவுக்கும் மகாராஷ்டிர மாட்டு வண்டி ஓட்டத்துக்குமான சட்டங்களையும் ஏற்றார்கள். ஆனாலும் அந்தப் பழைய கோடு என் மனசை விட்டுப் போகவில்லை. கரிசலில் உழவு டிராக்டருக்குப் போய் எவ்வளவோ காலமாகிறது. அவசியம் என்ற சாக்கு எங்களுக்கு இல்லை. பந்தயம் இல்லாவிட்டால் நாட்டுமாட்டு இனமே அழியும் என்பார்கள், இருக்கலாம். இனம் தழைக்கும் என்ற செய்தி, வாலில் ரத்தம் கசியும் இந்த ஒரு மாட்டுக்கு என்ன ஆறுதல்?

மாடில்லாத கேளிக்கைப் பந்தயமும் எனக்குத் தெரியும். வாலிபத்தில் சென்னையில் வேலை பார்த்தபோது சோழவரத்துக்குப் போயிருக்கிறேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய கார் பந்தயம் அது. பின்னால் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிவிட்டது. கோயம்புத்தூர் கரிவரதன் போன்றவர்கள் தாங்களே கார் கட்டி ஓட்டினார்கள். கைக்காசைப் போட்டுப் பழைய பியட்டையும் ஹெரால்டையும் ராத்திரி முழுக்கப் பிரித்துப் பூட்டுகிற ஆட்கள் நிறைய. இன்ஜின் சீஸ் ஆனால் போவது பணம். தடம் புரண்டால் போவது ஓட்டுகிறவன் உயிர், அதுவும் அவனே சம்மதித்து வைத்த பணயம். எங்கள் வண்டியில் ஆசை எங்களுடையது, நெஞ்சுக்கூடு மாட்டினுடையது.

இதைச் சாரதியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மாட்டுக்கும் ரோசம் உண்டு, அண்ணாச்சி. பக்கத்து வண்டிக் கொம்பு தெரிஞ்சாப் போதும், கம்பே வேண்டாம். அதா பிச்சுக்கிட்டு ஓடும்." பொய்யில்லை. இடது பக்கத்துக் காளை காதை மடக்கிக்கொண்டு பாய்வதை நானே பார்த்திருக்கிறேன். சமணரும் அவர் பக்கம்தான் பேசுவார்கள். ஐம்பொறி உயிர்களில் மனம் உள்ளவை, இல்லாதவை என்று பிரித்து, மாட்டை மனம் உள்ள வரிசையில் வைத்தவர்கள் அவர்கள். இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில், கழுகுமலைப் பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களே தீர்த்தங்கரர்கள், ஆயிரம் வருஷத்துக்கு மேலாக, அங்கே குரத்தியர் என்ற பெண் துறவிகளும் பாடம் சொன்னதற்குக் கல்வெட்டு இருக்கிறது. ஓர் உயிருக்கு மனம் உண்டா என்பது இந்த மண்ணில் அன்றைக்கே வகுப்பில் பேசப்பட்ட விஷயமாக இருந்திருக்கும்.

ஆனால் சாரதியின் நியாயம் அவர் நினைத்த இடத்தில் நிற்காது. ரோசப்பட்டு ஓட மாட்டுக்கு மனம் உண்டென்றால், போதும் என்று நிற்கவும் அதே மனம்தான் இருக்கிறது. ஓடும்போது அதன் விருப்பம், தளரும்போது வெறும் சோம்பல் என்று எப்படிச் சொல்ல முடியும்? கொடியைத் தாண்டித் திரும்பும் வரைக்கும் எங்கள் ஜோடிக்குக் கம்பு தேவைப்படுவதில்லை. திரும்பி வரும் மைலில், வாயில் நுரை கட்டி, தலை தாழ்ந்து, பின்னால் வருகிற வண்டியைக் கண்டும் காணாமல் போகிறது பாருங்கள், அது ஒரு பதில். உழவனாவது பதம் தப்பிவிடும், விதைப்பு போய்விடும் என்று அந்தப் பதிலைக் காதில் வாங்காமல் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்காரர்களாகிய எங்களுக்கு எது தப்பிவிடப் போகிறது? பிழைப்பில்லாத காரியம் என்பதால் பாவம் குறையும் என்று நினைத்திருந்தேன். கூடத்தான் செய்கிறது.

போன பந்தயத்தில் தார்க்குச்சியை லாரியிலேயே விட்டுப் போனோம். பரிசு வரிசையில் இல்லை. நுழைவுக் கட்டணத்தையும் லாரி வாடகையையும் கணக்குப்பிள்ளை வாய்விட்டுக் கூட்டிக் காட்டினார். அடுத்தது சித்திரையில், பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழா. தார்க்குச்சி வேண்டாம் என்று சாரதி ஒத்துக்கொண்டுவிட்டார். சாட்டையை மட்டும் விடமாட்டாராம், ஓங்குவதற்குத்தானாம், அடிக்க இல்லையாம். ஓங்குவதும் அடிதான் என்று நான் சொல்ல, டீக்கடைப் பெஞ்சில் அந்த வழக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.