நாடாளும் தகுதியும் மூவகைத் தியாகமும்

ஸ்ரீ:

உத்ஸவ மலரில் அரசியலுக்கு என்ன இடம் என்று ஆஸ்திக அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் எம்பெருமான் ஸந்நிதியில் ஆராதனம் முடிந்தபின் நாம் என்ன ப்ரார்த்திக்கிறோம்? ஜனங்கள் க்ஷேமமாக இருக்க வேண்டும். காலத்தில் மழை பொழிய வேண்டும். பூமியை ஆள்பவர்கள் நீதி வழுவாமல் ஆள வேண்டும் என்றே ப்ரார்த்திக்கிறோம். எந்தக் கட்சியின் பெயரும் அதில் இல்லை; ஆள்பவரின் தகுதி இருக்கிறது. முற்காலத்தில் அரசன் பிறப்பால் வந்தான். குடிகள் ப்ரார்த்தித்து நின்றார்கள். இக்காலத்தில் ஆள்பவரை நாமே தேர்ந்தெடுக்கிறோம். ஆகவே அத்தகுதி யாது என்று விசாரிப்பதும் நம் கடமையாகிறது.

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில், அரசரைக் கண்டால் திருமாலையே கண்டதாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. ஆட்சியாளரைப் புகழ விரும்புவோர் அதை எடுத்தாள்வதும் உண்டு. அது வரும் இடத்தை நோக்க வேண்டும். நான்காம் பத்தின் நான்காம் திருவாய்மொழியில், எம்பெருமானைப் பிரிந்து மயங்கிய மகளின் நிலையைத் தாய் சொல்கிறாள். மண்ணையும் விண்ணையும் கடலையும் அவனாகவும் அவனுடையதாகவும் எண்ணுகிற அப்பெண், அரசரைக் கண்டும் அவ்வாறே எண்ணுகிறாள். ப்ரேமத்தின் பெருக்கில் பிறந்த சொல் அது. ஆள்பவரை அவதாரமாக்கி நம் புத்தியை அடகு வைக்கச் சொல்லும் விதியன்று.

அப்படியானால் ஆள்பவரை எந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது? கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தியாகத்தின் தத்துவத்தை ஆராய்கிறது. அதற்கு பாஷ்யம் அருளிய எம்பெருமானார், கர்மத்தை விட்டு ஓடுவது தியாகமன்று, கர்மத்தைச் செய்துகொண்டே மூன்றை விடுவதே தியாகம் என்று நிர்ணயித்தார். ‘நான் செய்தேன்’ என்னும் கர்த்ருத்வம், ‘இது என்னுடையது’ என்னும் மமதை, ‘இதன் பலன் எனக்கு’ என்னும் ஆசை ஆகியவையே அம்மூன்று. முமுக்ஷுவுக்குச் சொன்ன இந்த உபதேசம் அதிகாரத்தில் அமர்ந்தவனுக்கும் அப்படியே பொருந்தும் என்பது அடியேனுடைய துணிபு.

இதற்கு த்ருஷ்டாந்தம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் அருப்புக்கோட்டைக்கு அண்டையிலுள்ள விருதுநகரில் 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பிறந்தவர் காமராஜர். பள்ளிப் படிப்பை இளமையிலேயே நிறுத்தியவர். சுதந்திரப் போரில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தவர். 1954 முதல் 1963 வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தவர். அவரை மூன்று தியாகங்களாலும் அளந்து பார்ப்போம்.

முதலாவது கர்த்ருத்வ தியாகம். 1956-ஆம் ஆண்டு முதல் பள்ளிக் குழந்தைகளுக்குப் பகல் உணவு வழங்கும் ஏற்பாடு அவர் ஆட்சியில் பரவியது. இதற்கு முன்னோடி உண்டு. 1920-களில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியினர் சிறிய அளவில் உணவளித்தார்கள். காமராஜர் காலத்தில் கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இத்திட்டத்துக்காக ஊர் ஊராகச் சென்று உழைத்தார். ஊரார் அரிசியும் பருப்பும் விறகும் கொடுத்தார்கள். பின்னர், 1977-இல் நம் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான எம். ஜி. ராமச்சந்திரன், 1982-இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. வெவ்வேறு கட்சியினர், சில சமயம் கடும் பகைவர், ஒரே பந்திக்கு இலை போட்டிருக்கிறார்கள். இதில் ‘நான் செய்தேன்’ என்று எவர் ஒருவர் மட்டும் சொல்லிக்கொள்ள முடியும்? நல்ல காரியம் யார் தொடங்கியதாயினும் அதை வளர்ப்பவரே ஆளத் தக்கவர். முன்னவர் செய்தது என்பதற்காகவே அதை அழிப்பவர் அந்தத் தகுதியை இழக்கிறார்.

இரண்டாவது மமதா தியாகம். 1954-இல் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். வென்றபின் காமராஜர் அவ்விருவரையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். தாழ்த்தப்பட்ட வகுப்பினரான பி. பரமேசுவரனிடம் இந்து அறநிலையப் பொறுப்பை ஒப்படைத்தார். எம்பெருமானார் ‘திருக்குலத்தார்’ என்று பெயரிட்டு அழைத்த மக்களுள் ஒருவர் கோயில்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார் என்பதை, கோயில் கைங்கர்யத்தில் இருக்கும் நாம் மறத்தலாகாது. முதலமைச்சர் பதவி தம் சொத்து என்று எண்ணுபவர், அதைத் தம்மவர்க்குப் பங்கிடுவார். அது பிறர் பொருள் என்று அறிந்தவர், தகுந்தவரைத் தேடுவார். காமராஜர் சென்னையில் வாழ்ந்தது வாடகை வீட்டில். அன்னையார் விருதுநகரில் பழைய வீட்டிலேயே இருந்தார்.

கண்மாய் உள்ள ஊர் எதற்கும் இந்தத் தர்மத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மடை திறப்பவர் தம் வயலுக்கு முதலில் தண்ணீரைத் திருப்பிக்கொண்டால், அன்றே அவர் சொல் ஊரில் செல்லாது. கடைமடை வயலுக்கும் தண்ணீர் சேர்ந்ததா என்பதே அவருடைய கணக்கு. கோயிலிலும் அப்படியே. பெருமாளின் திருவாபரணம் அர்ச்சகன் கைபட்டே சாற்றப்படுகிறது. அதனால் அது அர்ச்சகனுடையதாகிவிடுமா?

மூன்றாவது பல தியாகம். 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளின் ஜயந்தியன்று, காமராஜர் தாமாகவே முதலமைச்சர் பதவியை விட்டார். மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற அவருடைய யோசனைப்படி, மத்திய அமைச்சர் அறுவரும் மாநில முதல்வர் அறுவரும் விலகினார்கள். 1964-இல் நேருவும் 1966-இல் லால் பகதூர் சாஸ்திரியும் மறைந்தபோது அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, காங்கிரஸ் தலைவர் என்ற முறையில் அவரிடம் வந்தது. இருமுறையும் அவர் பிறரையே முன்னிறுத்தினார்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழுகிறது. அதைத் தட்டிக் கழிக்கலாகாது. ஒன்பது ஆண்டு நன்றாக ஆண்டவர், கட்சிக்காக ஆட்சியை விட்டது சரியா? மடையை நன்றாகக் காத்தவர் நடுவே எழுந்து போனால் வயலின் கதி என்ன? கட்சியும் வலுப்பெறவில்லை. 1967-இல் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. காமராஜரே விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். போர்க்களத்தில் வில்லைக் கீழே வைத்த அர்ஜுனனையும் கண்ணன் மெச்சவில்லையே! ஆகவே பதவி துறத்தலையே ஆளும் தகுதியின் சிகரமாகச் சொல்ல அடியேன் துணியவில்லை. அந்தத் துறவில் ஆசையின்மை தெளிவாகத் தெரிகிறது. அது குடிகளுக்கு நன்மை தந்ததா என்பது விவாதத்துக்குரியது. விடும் மனம் வேண்டும். விடுவதற்குரிய காலம் குடிகளின் நன்மையால் நிச்சயிக்கப்பட வேண்டும்.

இரண்டும் சேர்ந்து நிறைவுற்ற இடம் நந்திக்ராமம். பரதாழ்வான் ராஜ்யம் தன்னுடையதன்று என்றான். ஆனால் காட்டுக்கு ஓடவில்லை. பெருமாளின் பாதுகைகளை ஸிம்ஹாஸனத்தில் எழுந்தருளப் பண்ணி, ஒவ்வொரு காரியத்தையும் அவற்றுக்கு விண்ணப்பித்துப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தான். பெருமாள் மீண்டபோது பொக்கிஷமும் களஞ்சியமும் ஸேனையும் பத்து மடங்காகியிருக்கின்றன என்று கணக்கு ஒப்புவித்து, அது உம்முடைய தேஜஸ்ஸால் ஆனது என்றான் என வால்மீகி பகவான் காட்டுகிறார். கணக்கும் சரியாக இருந்தது. ‘நான்’ என்பதும் இல்லை.

வெறும் நல்ல மனம் போதாது என்பதற்கு அயோத்யா காண்டத்தின் நூறாவது ஸர்க்கமே ப்ரமாணம். சித்ரகூடத்தில் பரதனைக் கண்ட பெருமாள் அடுக்கடுக்காக வினவுகிறார். ஆயிரம் மூடரை விட்டு அறிவாளி ஒருவனை நாடுகிறாயா? ஸேனைக்குச் சம்பளம் காலத்தில் கொடுக்கிறாயா? செல்வனுக்கும் ஏழைக்கும் வழக்கு நேர்ந்தால் நடுநிலை தவறாமல் தீர்க்கிறார்களா? அவ்விடத்தில் நாட்டை வர்ணிக்க ‘அதேவமாத்ருகம்’ என்றொரு சொல் வருகிறது. மழை ஒன்றையே தாயாக நம்பி வாழாத பூமி என்பது பொருள். இச்சொல்லின் அருமையை நம்மைவிட அறிந்தவர் யார்? அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் இன்றும் வானத்தைப் பார்த்தே இருக்கின்றன. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நம் வானம் பார்த்த பூமியின் குறை முழுதும் தீரவில்லை. வாக்குக் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பெருமாளே நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

கேட்கும் தகுதி நமக்கு இருக்கிறதா என்பதும் சிந்திக்கத் தக்கது. பணப் பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும் 2019-இல் வேலூரிலும் தேர்தலையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. கொடுத்தவரை மட்டும் நிந்திக்கிறோம். வாங்கிய கை யாருடையது? வாக்கும் ஒரு பாதுகையே. அது குடிகள் எல்லோர் பொருட்டும் நம் கையில் தரப்பட்டது. ‘என்னுடையது, விற்பேன்’ என்பதும் மமதையே. விலை கொடுத்து வாங்கியவன் அதைத் தன் சொத்தாக எண்ணாமல் வேறென்ன எண்ணுவான்?

ஸந்நிதியில் நம் தலைமீது சாற்றப்படும் ஸ்ரீசடாரி எம்பெருமானுடைய திருவடிநிலையே. மந்திரிக்கும் கூலியாளுக்கும் அது ஒன்றே. அதைத் தலையில் ஏற்று வெளியே வந்தபின், ஆள்பவர் தம் பதவியையும் ஆளப்படுபவர் தம் வாக்கையும் பரதாழ்வானைப் போல் பிறர் பொருளாகக் கருதிக் காக்க வேண்டும். நம் கண்மாய்கள் நிறையவும், மடையைக் காப்பவர் கை சுத்தமாக இருக்கவும், அத்தகையவரை அறிந்து தேர்ந்தெடுக்கும் விவேகம் நமக்கு வாய்க்கவும் எம்பெருமான் திருவுள்ளம் பற்றுவானாக.

சுபமஸ்து.