திருத்தத்தின் அறம்

பிழையைத் திருத்திய பின், பிழை இருந்ததைச் சொல்ல வேண்டுமா? லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை உருவாக்குவோரின் அன்றாட வழக்கத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்த மென்பொருளில் சேர வேண்டிய மாற்றங்கள் 'பேட்ச்' என்ற வடிவில் மின்னஞ்சலில் வருகின்றன. மற்றவர்கள் வரிவரியாகப் படித்துக் குறை சொல்வார்கள். எழுதியவர் திருத்தி மறுபடி அனுப்புவார்.

திருத்தி அனுப்பும் பேட்சின் தலைப்பில் 'வி2' என்று இருக்கும். இது இரண்டாம் வடிவம் என்ற ஒப்புதல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. உள்ளே, மூன்று சிறு கோடுகள் மட்டும் உள்ள வரிக்குக் கீழே, மாறியது என்ன என்று எழுத வேண்டும்: இந்த இடத்தில் நினைவகம் விடுவிக்கப்படாமல் இருந்தது, இப்போது விடுவிக்கப்படுகிறது, சுட்டிக்காட்டியவர் இன்னார். இரண்டு வரிதான். அது இல்லாவிட்டால், நேற்று முழுவதையும் படித்தவர் இன்றும் முழுவதையும் படித்து வேறுபாட்டைத் தேட வேண்டியிருக்கும். பிறர் நேரத்தை வாங்கியவருக்கு அந்தக் கடன் உண்டு.

ஏற்காத கருத்துக்கும் பதில் தர வேண்டும். காரணம் சொல்லி மறுப்பது மரியாதை. வாய் திறக்காமல் அடுத்த வடிவை அனுப்புவது சொன்னவரை அவமதிப்பது.

இதைவிட நுட்பமானது சம்மதம் பற்றிய விதி. படித்துப் பார்த்துத் திருப்தி அடைந்தவர் 'ரிவ்யூட்-பை' என்று தம் பெயரைத் தருவார். அடுத்த வடிவில் பேட்ச் பெரிதும் மாறிவிட்டால் அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும்; எடுத்ததையும் சொல்ல வேண்டும். அவர் சம்மதித்தது தாம் படித்த வடிவுக்கு மட்டுமே. படிக்காத ஒன்றின் கீழ் அவர் பெயரை விட்டுவைத்தால், அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும்.

பேட்ச் ஏற்கப்படும்போது மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதியவை உதிர்ந்துவிடும். பழைய மின்னஞ்சல்களைத் தேடிப் போனால் அவை கிடைக்கும். ஆனால் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவி காக்கும் வரலாற்றில் அவை பொதுவாக ஏறுவதில்லை. அங்கே மாற்றத்தின் காரணமும், பொறுப்பேற்றவர் பெயரும், சரிபார்த்தவர் பெயரும் நிற்கும். பிழையை ஒப்புக்கொள்வது அன்று உழைத்தவர்களுக்குத் தீர்க்கும் கடன். தீர்ந்த கடனைக் காலமெல்லாம் சுமக்கத் தேவையில்லை; உதவியவர் பெயர் நிலைத்தால் போதும்.

ஆகவே பிழை இருந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: அதைக் கண்டு சொன்னவரிடம், திருத்தியதை நீட்டும் அந்த நேரத்திலேயே.