கற்பித்தவன் கற்றபோது

அறிந்தவன் அறியாதவனுக்குச் செய்யக் கடமைப்பட்டது யாது? தான் அறிந்ததைப் பிழையறச் சொல்லிக் கொடுப்பதே என்று, 36 ஆண்டுகள் கணித ஆசிரியனாகப் பணியாற்றிய நான் தயங்காமல் விடை கூறியிருப்பேன். அந்த விடை பாதி விடையே என்பதை, ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் கழிந்தபின் மூன்று துணிப்பந்துகள் எனக்கு உணர்த்தின. அவற்றை என் கையில் கொடுத்தவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. வயது பன்னிரண்டு.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அவள், ஒருநாள் மாலை கூடத்தில் நின்று மூன்று பந்துகளை இரு கைகளாலும் மாறிமாறி எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று கையை விட்டு எழும்போது ஒன்று உச்சியில் நின்றது. ஒன்று இறங்கி வந்தது. ஆங்கிலத்தில் ஜக்ளிங் எனப்படும் இவ்வித்தை நமக்குப் புதிதன்று. பெண்கள் காய்களை அடுத்தடுத்து மேலே எறிந்து பிடித்தவாறே பாடும் அம்மானை, கலம்பகத்தில் ஓர் உறுப்பாகவும் பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாகவும் இடம் பெற்றிருக்கிறது. எகிப்து நாட்டில் பெனி ஹசன் என்னுமிடத்துக் கல்லறையொன்றின் சுவரில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட பெண்களும் பந்துகளை எறிந்து பிடிக்கின்றனர். பசிபிக் கடலிலுள்ள டோங்கா தீவுகளில் சிறுமியர் காய்களைக் கொண்டு இதனை ஆடிவருகின்றனர். மனிதக் கை கண்டுபிடித்த மிகப் பழைய விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

"எனக்கும் சொல்லிக் கொடு" என்றேன். உள்ளத்தில் சற்றே அலட்சியம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? அறுபது சென்டிமீட்டர் உயரம் எறியப்பட்ட பந்து, எழுந்து மீண்டும் கைக்கு வர ஏறத்தாழ 0.7 வினாடி எடுக்கும். அந்த நேரத்தை இரு மடங்காக்க விரும்பினால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். தகவல் கோட்பாட்டை 1948ஆம் ஆண்டில் வகுத்தளித்த அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன், இவ்வித்தையில் பெரும் ஈடுபாடு கொண்டு அதற்கென ஒரு சமன்பாடே கண்டிருக்கிறார். ஒரு சுற்றில் பந்து காற்றிலும் கையிலும் கழிக்கும் மொத்த நேரத்தைக் கைகளின் எண்ணிக்கையால் பெருக்குக, கை வெறுமையாகவும் பந்தோடும் கழிக்கும் மொத்த நேரத்தைப் பந்துகளின் எண்ணிக்கையால் பெருக்குக, இரண்டும் சமம். இதனைக் கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் என்னால் நிறுவிக் காட்ட முடியும்.

நிறுவ முடிந்த என்னால் எறிய முடியவில்லை. வலக்கை ஒரு பந்தை எறிந்ததும் இடக்கை தன் பந்தை மேலே எறிவதற்குப் பதிலாக, அவசரமாக வலக்கையிடம் ஒப்படைத்துவிட்டது. "அப்படியன்று, இதையும் எறிய வேண்டும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த முறையும் இடக்கை அதையே செய்தது. எறிந்தாலோ பந்து முன்னோக்கிப் பறந்தது. அதைத் துரத்திக்கொண்டு போய் நாற்காலியில் இடித்துக்கொண்டேன். மூன்று நாட்கள் குனிந்து பொறுக்கியதில் முதுகு வலித்ததே தவிர வேறு பயன் விளையவில்லை. விதி எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. இன்னது இன்னபடி என்று அறிவது ஒன்று, செய்ய அறிவது வேறொன்று என ஆங்கிலத் தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரித்துரைத்திருக்கிறார். படித்தபோது அதனைச் சொல்லாராய்ச்சி என்று கருதி ஒதுக்கியவன் நான். இப்போது அந்த வேறுபாடு என் முதுகெலும்பில் உறைத்தது.

நான்காம் நாள் பேத்தி பாடத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். என்னைக் கட்டிலுக்கு முன்னே நிறுத்தினாள். விழும் பந்து மெத்தையிலேயே கிடக்கும், குனிய வேண்டியதில்லை. இரண்டு பந்துகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் தந்தாள். அதனைக் கண்மட்டத்துக்குமேல் எறிந்து மறுகையில் ஏற்கப் பழகியபின் இரண்டாவதைத் தந்து, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்: "பிடிக்க வேண்டாம் நன்னா. முதல் பந்து உச்சிக்குப் போனதும் அடுத்ததை எறியுங்கள், போதும். இரண்டும் விழட்டும்."

எறிந்தேன். இரண்டும் விழுந்தன. "இப்போது சரி" என்றாள் அவள். என் வாழ்நாளில் விழுந்ததற்காக நான் பெற்ற முதல் பாராட்டு அது. பிறகுதான் காரணம் விளங்கிற்று. பிடிக்க வேண்டுமே என்ற அச்சமே என் எறிதலைக் கெடுத்துக்கொண்டிருந்தது. விழுதலைக் குற்றப் பட்டியலிலிருந்து அவள் நீக்கியவுடன் கை அஞ்சுவதை விட்டது. அஞ்சாத கை நேராக எறிந்தது. நேராக எறியப்பட்ட பந்து தானே மறுகையைத் தேடி வந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். பின்னங்களை வகுக்கும்போது, வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும். அவனோ ஒவ்வொரு முறையும் முதற் பின்னத்தைத் தலைகீழாக்கினான். மூன்று முறை விதியைச் சொன்னேன். நான்காம் முறையும் அவன் அதையே செய்தபோது, "இத்தனை முறை சொல்லியுமா?" என்று கேட்டு, வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி ஒரு சொல்லும் சொன்னேன். சிரிப்பு அடங்கும்வரை அவன் கரும்பலகையைப் பார்க்கவில்லை; தன் கையிலிருந்த சுண்ணக்கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன்பின் எதைக் கேட்டாலும் எழுந்து நின்று "தெரியாது சார்" என்பான். தெரிந்ததற்கும் அதுவே விடை. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. வறுமை காரணமோ, குடும்பச் சூழல் காரணமோ, நானறியேன். அறிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதை மட்டும் நன்கறிவேன்.

ஒரே விதியை மூன்று நாட்களாக எனக்கு நானே சொல்லியும் என் இடக்கை கேட்கவில்லை. அதனை நான் முட்டாள் என்று அழைக்கவில்லை; இன்னும் பழகவில்லை என்று பொறுத்துக்கொண்டேன். என் கைக்கு நான் காட்டிய அந்தப் பொறுமையைப் பிறர் பெற்ற பிள்ளைக்கு ஏன் காட்டவில்லை?

ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட், இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி 1821ஆம் ஆண்டு நூலில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நான்கு பித்தளைப் பந்துகளைத் தவறாமல் சுழற்றும் ஒருவரைக் கண்டதும், இத்தனை குறையின்றி நான் செய்யும் செயல் எது என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார் அவர். வித்தைக்காரனின் பிழை அக்கணமே வெளிப்பட்டுவிடும். எழுதுவோர்க்கு அந்த உடனடிச் சோதனை இல்லை என்பதும் அவர் எண்ணம். ஆசிரியனுக்கும் அது இல்லை என்று நான் சேர்த்துக்கொள்வேன். பந்து விழுந்தால் ஓசை கேட்கிறது. என் கையிலிருந்து ஒரு மாணவன் நழுவி விழுந்தபோது எந்த ஓசையும் கேட்கவில்லை. அந்த ஆண்டும் நான் நல்லாசிரியன் என்றே பெயர் எடுத்தேன்.

தவறுகளையெல்லாம் பொறுத்துக்கொண்டே போனால் கல்வி என்னாவது என்று கேட்கலாம். முறையான கேள்விதான். மருத்துவரின் கையும் ஓட்டுநரின் கையும் தவறினால் உயிர் போகும். ஆனால் அதனாலேயே, தவறினால் இழப்பில்லாத ஓரிடத்தில் அவர்கள் முன்னரே வேண்டிய மட்டும் தவறிப் பழகியிருக்க வேண்டும். வகுப்பறை அத்தகைய இடமாதல் வேண்டும். விழுந்ததை விழவில்லை என்று என் பேத்தி ஒருபோதும் சொல்லவில்லை. பந்து முன்னே போனால் "முன்னே போகிறது" என்றாள். பொய்ப் புகழ்ச்சியும் கற்பவனுக்கு இழைக்கும் தீங்கே அன்றோ? அவள் செய்தது இவ்வளவுதான்: விழுமிடத்தில் ஒரு மெத்தை இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். நானோ அந்தச் சிறுவன் விழுமிடத்தில் நாற்பது பேரின் சிரிப்பைப் பரப்பி வைத்தேன்.

இக்குறை கொடுமையினால் விளைந்தது என்று நான் நினைக்கவில்லை, மறதியினால் விளைந்தது. ஒன்றை அறிந்தபின், அதை அறியாதிருந்த காலம் எப்படி இருந்தது என்பது நெஞ்சைவிட்டு அகன்றுவிடுகிறது. பின்னம் எனக்கு என்றுமே எளிதாக இருந்ததுபோல் எனக்குத் தோன்றியது. அந்த மறதிக்கு நானறிந்த மருந்து ஒன்றுதான்: கற்பிப்பவன் எந்த வயதிலும் ஏதேனும் ஒன்றில் தொடக்க மாணவனாக இருப்பது. வயது இதற்குத் தடையன்று. மூன்று மாதம் இவ்வித்தையைப் பயின்ற இளைஞர்களின் மூளையில், அசைவைக் கண்டறியும் பகுதி பருத்ததை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். பயிற்சியை விட்டபின் அது மீண்டும் குறைந்தது. அறுபது வயதை ஒட்டியவர்களிடமும் இத்தகைய மாற்றத்தை 2008ஆம் ஆண்டில் கண்டனர். முதியோரில் இளைஞரளவுக்குத் தேர்ந்தவர்கள் குறைவு. அந்தக் குறைவான சிலருள் நான் இல்லை. இரண்டு மாதப் பயிற்சிக்குப் பிறகும் பத்துப் பன்னிரண்டு எறிகளுக்குமேல் என்னிடம் பந்து நிற்பதில்லை.

இப்போது மாலை வேளைகளில் அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் பின்னக் கணக்குக் கேட்க வருகிறான். அவனுக்கு நோட்டுப் புத்தகம் வேண்டாமென்று சொல்லிச் சிலேட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்; எழுதியது தவறானால் கையால் துடைத்துவிடலாம். சென்ற வாரம் அவனும் முதற் பின்னத்தையே தலைகீழாக்கினான். நாவின் நுனிக்கு வந்த பழைய சொல்லை விழுங்கிக்கொண்டு, மேசைமேலிருந்த மூன்று பந்துகளை எடுத்து எறிந்தேன். ஐந்தாவது எறியில் ஒன்று உருண்டோடிற்று. அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். "இன்னொரு முறை போட்டுப் பார்" என்றேன்.

சுண்ணக்கட்டியைப் பார்த்தபடி நின்ற அந்த மாணவனுக்கு இன்று நடு வயது கடந்திருக்கும். அவன் எங்கிருக்கிறான் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். காலங்கடந்த செயல்தான், எனினும் செய்யாமலிருக்க இயலவில்லை.