சொன்னதைக் கேட்டிருக்கலாமே

சிட்னியின் மேற்குப் புறத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருடங்களாக இரவு வேலை செய்கிறேன். என்னுடைய இடது முன்கையில் பற்கள் பதிந்த ஒரு தழும்பு இருக்கிறது. எண்பத்தெட்டு வயதான ஒரு அம்மா கடித்தது. அவருக்கு டிமென்ஷியா. ஓர் அதிகாலை மூன்றரை மணிக்கு, யாரோ மேசையில் மறந்துவிட்டுப் போன கத்தரிக்கோலைப் பிடித்தபடி நடைகூடத்தில் நின்றார். மகன் பள்ளிக்கூடத்தால் வந்து வெளியே நிற்கிறான், கதவைத் திற என்றார். மகனுக்கு அறுபது வயது. நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். அவர் கடித்தார். கத்தரிக்கோல் விழுந்தது. விடிந்த பிறகு பார்த்தால், அவருடைய தோலில் என் நான்கு விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன.

அறிக்கையில் நான் எழுதியது ஒரே வரி: "பராமரிப்பை எதிர்த்தார், கட்டுப்படுத்த வேண்டியிருந்தது." அப்படித்தான் எழுதப் பழக்கியிருந்தார்கள். அந்த வரியில் எதிர்த்தவர் யார் என்று தெரிகிறது. கட்டுப்படுத்தியவர் யார் என்று தெரிகிறதா?

அந்த வரியை நான் மறந்துவிட்டிருந்தேன். 2023 மே மாதத்தில் கூமா செய்தி வந்தபோதுதான் அது திரும்பி வந்தது.

கூமா, சிட்னிக்குத் தெற்கே, பனிமலைகளுக்குப் போகிற வழியில் இருக்கிற சிறிய ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த கிளேர் நோலண்டுக்கு வயது 95. அவருக்கும் டிமென்ஷியாவின் அறிகுறிகள் இருந்தன. ஐம்பது கிலோகூட நிறையில்லாத உடம்பு, வோக்கரைப் பிடித்துத்தான் நடப்பார். அதிகாலையில் கையில் ஒரு சாப்பாட்டுக் கத்தியோடு நடமாடினார். ஊழியர்கள் அவசர உதவிக்கு அழைத்தார்கள். இரண்டு பொலிஸாரும் இரண்டு அம்புலன்ஸ் பணியாளர்களும் வந்தார்கள். கத்தியைக் கீழே போடும்படி திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர் போடவில்லை. வோக்கரோடு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தார். அவரைக் கண்டு சில நிமிடங்களுக்குள்ளேயே, ஒரு பொலிஸ்காரர் சலித்துப்போய் 'விட்டுத் தள்ளு' என்று பொருள்படுகிற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு டேசரை இயக்கினார். அந்த அம்மா பின்புறமாக விழுந்து தலை அடிபட்டது. ஒரு வாரம் கழித்து மூளை இரத்தக் கசிவால் இறந்தார்.

அடுத்த நாள் இரவு, தேநீர் வேளையில், எங்களுடைய ஊர்க்காரத் தங்கச்சி ஒருத்தி சொன்னாள்: "பாவம்தான் அக்கா. ஆனா கத்தியைப் போடு எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறாங்கள். சொன்னதைக் கேட்டிருக்கலாமே."

அவள் கெட்டவளில்லை. அந்த இல்லத்தில் அவளைவிடப் பொறுமையாக ஊட்டிவிடுகிறவர் யாருமில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் சின்ன வயதில் எங்களுடைய ஒழுங்கையில் ஒரு வீட்டில் அடி விழும் சத்தம் கேட்கும். மறுநாள் கிணற்றடியில் பெண்கள் கூடி நின்று, குரலைத் தாழ்த்தி, இதையேதான் சொல்வார்கள். சொன்னதைக் கேட்டிருந்தால் அவன் ஏன் அடிக்கப்போகிறான்? அடித்தவனின் கையைப் பற்றி அங்கே கேள்வியே எழாது. அடிபட்டவளின் கீழ்ப்படியாமை மட்டுமே விசாரிக்கப்படும்.

எதிர்க்கிற ஒருவர் மீது பொலிஸ் மின்னதிர்ச்சித் துப்பாக்கியைப் பயன்படுத்துவது நியாயமா என்ற கேள்வி எனக்கு அந்தக் கிணற்றடியிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். டேசர் இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று, தூரத்திலிருந்து சுடுவது. மெல்லிய கம்பிகளோடு இரண்டு கூர்முனைகள் பறந்துபோய் உடலில் குத்தும். ஒருமுறை விசையை இழுத்தால் ஏறக்குறைய ஐந்து விநாடிகளுக்கு மின்சாரம் பாயும். தசைகள் இறுகும், ஆள் அசைய முடியாமல் விழுவார். மற்றது, கருவியை நேரடியாக உடம்பில் வைத்து அழுத்துவது. அதில் தசைகள் முழுமையாகச் செயலிழப்பதில்லை. கிடைப்பது வலி மட்டும்தான். கர்ப்பிணிகள், முதியவர்கள், மெலிந்த உடம்புக்காரர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். 'உயிரைப் பறிக்காத ஆயுதம்' என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்டது, இப்போது 'குறைவாக உயிரைப் பறிக்கும் ஆயுதம்' என்று அழைக்கப்படுகிறது. அந்தப் பெயர் மாற்றத்துக்குள் எத்தனையோ சவப்பெட்டிகள் இருக்கின்றன.

இதற்கு ஆதரவான வாதத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஒருவன் கத்தியோடு மனைவியின் மீது பாய்கிறான். கதவடியில் பொலிஸ் நிற்கிறது. வெறுங்கையால் தடுக்க முடியாது. மிச்சம் இருப்பது துப்பாக்கி. அந்த இடத்தில் டேசர் இரண்டு உயிர்களைக் காப்பாற்றலாம். வீட்டுக்குள் அடிவாங்குகிற பெண்கள் அழைப்பது பொலிஸைத்தான். நானும் என் சிநேகிதிக்காக ஒருமுறை அழைத்திருக்கிறேன். வந்தவர்கள் கையில் துப்பாக்கியைத் தவிர வேறு ஏதாவது இருக்கவேண்டும் என்றுதான் அந்தப் பத்து நிமிடமும் நினைத்தேன். எனவே இந்தக் கருவியே வேண்டாம் என்று என்னால் எழுத முடியாது.

ஆனால் அந்த நியாயம் எதில் நிற்கிறது? ஒருவரின் உயிருக்கு அந்தக் கணத்தில் இருக்கிற ஆபத்தில். 'எதிர்ப்பு' என்பதில் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதில்தான் ஏமாற்று நடக்கிறது.

2004 நவம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு கறுப்பினப் பெண் பதினொரு வயது மகனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனார். பள்ளி வலயத்தில் வேகமாக ஓட்டியதாகப் பொலிஸ் மறித்தது. அபராதச் சீட்டில் கையெழுத்திட மறுத்தார். கையெழுத்திட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று நினைத்தார். காரை விட்டு இறங்கவும் மறுத்தார். கர்ப்பமாக இருப்பதைச் சொன்னார். அதன் பிறகு பொலிஸார் எங்கே வைத்து அழுத்துவது என்று பேசிக்கொண்டார்கள், வயிற்றில் வேண்டாம், தொடையில் வை என்று. ஒரு நிமிடத்துக்குள் தொடை, கை, கழுத்து என மூன்று தடவைகள். பிறகு வெளியே இழுத்துக் குப்புறக் கிடத்தி விலங்கு போட்டார்கள். குழந்தை நலமாகப் பிறந்தது. தாய்க்குத் தழும்புகள் மிஞ்சின.

வயிறு வேண்டாம் என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. நேரம் இருந்த இடத்தில் அவசர ஆபத்து எங்கே இருந்தது?

அவருடைய வழக்கோடு சேர்த்து இன்னொரு பெண்ணின் வழக்கையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்தது. ஹவாயின் மாவி தீவில், பெற்றோரின் சண்டையின்போது தாய் கேட்டுக்கொண்டபடி மகள் பொலிஸை அழைத்தாள். வந்தவர்கள் கணவனைக் கைதுசெய்யப் போனபோது மனைவி நடுவில் அகப்பட்டார். பிள்ளைகள் தூங்குகிறார்கள், வெளியே போய்ப் பேசுவோம் என்று கேட்டதாக அவர் சொல்கிறார். தன்மேல் முட்டிய அதிகாரியைக் கையால் மறித்தார். எச்சரிக்கையே இல்லாமல் அவர் மீது டேசர் பாய்ந்தது. யாரைக் காப்பாற்ற அழைத்தார்களோ அவரே விழுந்தார். 2011இல் நீதிமன்றம், இந்தப் பெண்கள் சொல்வது உண்மையானால் இரண்டிலும் பயன்படுத்தப்பட்டது அளவுமீறிய பலம்தான் என்றது. ஆனால் சம்பவம் நடந்த காலத்தில் சட்டம் தெளிவாக இருக்கவில்லை என்று அதிகாரிகளுக்குப் பாதுகாப்பும் கொடுத்தது. பிழை நடந்தது, பொறுப்பாளி இல்லை. நாங்கள் முதியோர் இல்லத்தில் எழுதுகிற அறிக்கைகள் போலவே.

எதிர்ப்பு என்ற சொல்லுக்குள் எவ்வளவு பேரை அடைக்கிறார்கள் என்று பாருங்கள். சியாட்டில் பெண் விளங்கிக்கொண்டு மறுத்தார். மாவி பெண் சமாதானம் செய்யப் பார்த்தார். கிளேர் நோலண்டுக்குச் சொன்னது விளங்கியதா என்றே தெரியாது. 2007 ஒக்டோபரில் கனடாவின் வன்கூவர் விமான நிலையத்தில் ரொபேர்ட் ஜெக்கான்ஸ்கி என்ற போலந்துக்காரருக்குச் சொன்ன மொழியே தெரியாது. முதன்முதலாக அம்மாவோடு வாழ வந்தவர், பத்து மணித்தியாலம் அளவுக்கு அங்கேயே அலைந்து குழம்பிப்போனார். தேடி வந்த தாயை, மகன் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான்கு பொலிஸார் வந்தார்கள். அவர் கையில் இருந்தது காகிதம் தைக்கிற ஸ்டேப்ளர். ஐந்து தடவைகள் டேசர், அங்கேயே இறந்தார். அது நியாயமற்றது என்று பின்னர் விசாரணை ஆணைக்குழு முடிவு சொன்னது. ஆங்கிலம் தெரியாமல் ஒரு விமான நிலையத்தில் நின்ற எவருக்கும் அந்த மனிதரின் கண்கள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். எனக்குத் தெரியும்.

மறுப்பு, சமாதானம், மறதி, மொழி தெரியாமை. நான்குக்கும் ஒரே பெயர், ஒரே பதில்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன். ஒருவரைத் தடுப்பது வேறு, பணிய வைப்பது வேறு. பாய்கிறவனின் தசையை நிறுத்துவது தடுப்பது. அவன் மனதில் என்ன நினைக்கிறான் என்பது அதற்குத் தேவையில்லை. உட்கார்ந்திருக்கிறவளின் தொடையில் வைத்து அழுத்துவது அப்படியல்ல. அது அவளுடைய மனதோடு பேசுகிறது: உன் விருப்பத்தைக் கைவிடும்வரை இந்த வலி நிற்காது என்கிறது. வலியைக் கொடுத்துச் சம்மதம் வாங்குவதை நம்மில் பலர் வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம். அதை வீட்டில் செய்தால் வன்முறை, சீருடையில் செய்தால் நடைமுறை என்று என்னால் ஏற்கமுடியவில்லை. நீதிமன்றம் தண்டனை கொடுப்பதற்கு முன்னால், தெருவிலேயே கொடுக்கப்படும் தண்டனை அது.

அப்படியானால், இறங்கமாட்டேன் என்கிறவரை எப்படிக் கைதுசெய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேசலாம், காத்திருக்கலாம், இன்னும் இரண்டு பேரை அழைக்கலாம், கையால் தூக்கலாம். அபராதச் சீட்டில் 'கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். எல்லாவற்றுக்கும் நேரம் தேவை, ஆள் தேவை. டேசர் மிச்சப்படுத்துவது பெரும்பாலும் உயிரை அல்ல, நேரத்தை.

கைகள் சுத்தமானவை என்று நான் சொல்லவில்லை. என் விரல்கள் அந்த அம்மாவின் தோலில் பதிந்ததைப் பார்த்தேன். முதியோர் பராமரிப்பு பற்றிய அரச ஆணைக்குழு 2021இல் கொடுத்த இறுதி அறிக்கையில், இந்த நாட்டின் இல்லங்களில் முதியவர்களைக் கட்டியும் மருந்து கொடுத்தும் அடக்கி வைப்பது பற்றிப் பேசியது. எனவே கூமாவில் பொலிஸ்காரர் வெளியிலிருந்து வந்த அந்நியர் மட்டுமல்ல. எங்கள் வழக்கத்தையே ஒரு படி மேலே கொண்டுபோனவர். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நான் முறுக்கியபோது அவருடைய எலும்பு எவ்வளவு மெலிது என்று என் கைக்குத் தெரிந்தது. அதனால்தான் அதற்கு மேல் முறுக்கவில்லை. அவர் கடிக்கவும் முடிந்தது. விசையை இழுக்கிறவருக்கு எதுவும் தெரியவராது, எதுவும் வலிக்காது. பயன்படுத்துகிறவருக்கு எந்தச் செலவும் இல்லாத பலம், இது தேவைதானா என்ற கேள்வியைக் கேட்கவிடாது.

2024 நவம்பரில் ஜூரிகள் அந்தப் பொலிஸ்காரரைக் கொலையாகாத மனிதக் கொலைக் குற்றவாளி என்றார்கள். 2025 மார்ச்சில் நீதிபதி சிறைத்தண்டனை கொடுக்காமல் இரண்டு வருடச் சமூகக் கண்காணிப்பும் 425 மணித்தியாலச் சமூக சேவையும் விதித்தார். அரச தரப்பின் மேல்முறையீடும் ஜூலையில் தள்ளுபடியானது. அவரைச் சிறையில் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். சிறை எங்களை எதுவரை காப்பாற்றும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. நான் கேட்பது சிறியது. விசையில் விரல் வைக்கிறவர், 'இவர் எதிர்க்கிறாரா' என்று கேட்பதை விடட்டும். யாருக்கு, இப்போது, என்ன காயம் வரப்போகிறது, விலகி நின்றால் அது தவிராதா, விழுந்தால் இந்த உடம்பு தாங்குமா என்று கேட்கட்டும். அன்று கூமாவில் இரண்டு அடி பின்னால் போய்க் கதவைச் சாத்தியிருந்தாலே போதும்.

கூமாவுக்குப் பிறகு நான் அறிக்கை எழுதுகிற விதத்தை மாற்றிக்கொண்டேன். போன மாதம் ஒரு இரவு ஐயா ஒருவர் என்னைத் தள்ளிவிட்டார். நான் எழுதினேன்: "இருட்டில் பயந்துபோயிருந்தார். மனைவியைத் தேடினார். நான் அவருடைய தோளை இறுக்கிப் பிடித்தேன். அவருக்கு நொந்தது. பிறகு விட்டுவிட்டு லைட்டைப் போட்டேன். இருபது நிமிடத்தில் தானாகப் போய்ப் படுத்தார்."

காலையில் மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டார், 'எதிர்த்தார்' என்ற கட்டத்தில் நீ அடையாளம் இடவில்லையே என்று. மறக்கவில்லை, அவர் எதிர்க்கவில்லை என்றேன்.