முயலின் கீழிமை

முயலுக்கு நம்மைப்போல் கண்ணீர் பெருகாது. கண்ணில் விழுந்ததை அது சீக்கிரம் கழுவித் தள்ளிவிடாது. கண்ணும் பெரியது, பிராணியும் சாது. கண் எரிச்சல் சோதனைக்கு ஆய்வகங்கள் அதைப் பிடித்துக்கொண்டது இதனால்தான்.

இந்தச் சோதனை 1944இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஜான் டிரெய்ஸ் வகுத்த முறை. ஒரு கண்ணின் கீழிமையை மெல்ல இழுத்துப் பை போலாக்கி, 0.1 மில்லிலிட்டர் ஷாம்பூவோ சாயமோ அதில் விடுவார்கள். மறு கண் ஒப்பிட்டுப் பார்க்க. 24, 48, 72 மணி நேரத்தில் சிவப்பு, வீக்கம், கருவிழியின் மங்கல் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். புண் ஆறுகிறதா என்று பார்க்க 21 நாள் வரை வைத்திருப்பதும் உண்டு. கண்ணைத் தேய்த்துவிடக் கூடாதென்று தலை மட்டும் வெளியே தெரியப் பெட்டியில் பூட்டிவைத்த காலமும் இருந்தது.

இதை வகுத்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1930களின் தொடக்கத்தில் லாஷ் லூர் என்ற இமைச் சாயம் பெண்களின் பார்வையைப் பறித்தது, உயிரும் போனது. அதன் பிறகே, 1938இல், அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. மனிதக் கண்ணைக் காக்க நினைத்தது நியாயம். ஆனால் ஒரே பொருளுக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு மதிப்பெண் போடுவதை வெயில், ஸ்காலா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1971இல் எடுத்துக்காட்டிய பிறகும் சோதனை நிற்கவில்லை. பழக்கமே சான்றாகிவிட்டது.

ஹென்றி ஸ்பைரா நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1980 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, முயல் கண்ணில் சோதித்துவந்த ரெவ்லான் அழகுப்பொருள் நிறுவனத்தைக் கேள்வி கேட்டார். கம்பெனியை மூடச் சொல்லவில்லை, மாற்று வழி தேடப் பணம் ஒதுக்கச் சொன்னார். அந்த ஆண்டே ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு ஏழரை லட்சம் டாலர் தருவதாக ரெவ்லான் அறிவித்தது. வேறு வழி இல்லை என்று அத்தனை ஆண்டுகள் சொல்லிவந்தார்களே, அந்த வழியைத் தேட யாரும் மனம்வைத்துச் செலவிடவில்லை என்பதுதான் உண்மை. செலவு நமக்கு மிச்சமானது, வலியை முயல் ஏற்றது.

இன்று இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டுக் கருவிழியில் பொருளை விட்டு, அது எவ்வளவு மங்குகிறது என்று கருவியால் அளக்கிறார்கள். மனிதச் செல்களை வளர்த்து உருவாக்கிய மெல்லிய திசுவில், எவ்வளவு உயிரோடு மிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டு முறைகளையும் பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு ஏற்றிருக்கிறது.

இந்தியா 2014இல் அழகுப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையைத் தடை செய்தது. அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியையும் நிறுத்தியது. பூச்சிமருந்துக்கும் தொழிற்சாலை ரசாயனத்துக்கும் அந்தத் தடை பொருந்தாது. அவற்றுக்கு அனுமதி தரும் அதிகாரிகள் திசுச் சோதனையின் முடிவை முதலில் கேட்கட்டும். அதுவே போதுமென்றால் முயலைக் கூண்டிலிருந்து எடுக்கவே வேண்டாம்.