விளக்கை அணைத்த பிறகு

பாய் விரித்துப் படுத்ததும் ஆரம்பித்துவிடும். "அம்மா, லைட்டை அணைக்காதே." உத்திரமேரூர் பக்கத்தில் பெருநகர் என்ற ஊரிலும் இதே குரல்தான், சென்னை அடுக்குமாடியிலும் இதேதான். பெருநகர் போன்ற ஊர்களில் பாட்டியின் கைமருந்து ஒன்று உண்டு: நெற்றியில் ஒரு கீற்று விபூதி, "முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே தூங்கு, கண்ணு." சில வீடுகளில் கந்த சஷ்டி கவசமும் ஒலிக்கும். தேவராய சுவாமிகள் பாடிய அந்தக் கவசம் பேய் பிசாசுகளைப் பெயர் சொல்லியே விரட்டுகிறது.

பேயிடமிருந்து சாமி காப்பாற்றுவார் என்றால், பேய் உண்டு என்றும் சொன்னதாகாதா?

குஜராத்தில் ஒரு சிறுவனுக்கு இந்தப் பயம் கடுமையாக இருந்தது. பேய், திருடன், பாம்பு எல்லாம் இருட்டில் தன்னைத் தேடி வருவதாகவே அவனுக்குத் தோன்றும். வீட்டுப் பணிப்பெண் ரம்பா, பயம் வரும்போது ராமநாமம் சொல்லச் சொன்னார். சிறுவன் மோகன்தாஸ் காந்தி அப்படியே செய்தான். பயம் போய்விட்டதா? இல்லை. 13 வயதில் கல்யாணமான பிறகும் விளக்கில்லாத அறையில் அவரால் தூங்க முடியவில்லை. பக்கத்தில் கஸ்தூர்பா இருட்டைப் பற்றிய கவலையே இல்லாமல் இருந்தார். அவரிடம் தன் பயத்தைச் சொல்லக் காந்திக்கு வெட்கம். ஆனாலும் ரம்பா விதைத்தது வீண்போகவில்லை என்று சுயசரிதையில் நன்றியோடு நினைவுகூர்கிறார். அன்று மருந்தைவிட அதைக் கொடுத்த ரம்பாவிடம்தான் தனக்கு அதிக நம்பிக்கை இருந்தது என்றும் ஒப்புக்கொள்கிறார்.

கவனிக்க வேண்டிய இடம் இது. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுச் சம்பந்தர் அழுததும், நீரில் மூழ்கிய அப்பாவைக் காணோமே என்றுதான். இருட்டறையில் கிடந்த ஒரு மூன்று வயதுக் குழந்தை, யாராவது பேசினால் வெளிச்சம் வருகிறது என்று அத்தையிடம் சொன்னதை 1905-இல் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் பதிவு செய்தார். குழந்தை கேட்பது துணையை. 'முருகா' என்ற சொல் பாட்டியின் குரலில் வரும்போது, அது பேயை விரட்டும் ஆயுதமாக இல்லாமல் அந்தத் துணையாகவே இருக்க முடியும்.

சைவ சித்தாந்தம் இன்னும் ஆழமாகப் போகிறது. 14-ஆம் நூற்றாண்டு உமாபதி சிவாசாரியார் திருவருட்பயன் என்ற நூலில் ஓர் அதிகாரத்தையே இருளுக்கு ஒதுக்கினார். புற இருள் பொருள்களை மறைத்தாலும் தன்னை மறைப்பதில்லை. இருட்டாக இருக்கிறது என்றாவது தெரிகிறது. ஆணவம் என்னும் இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்கிறது. அவர் எழுதியது உயிரைப் பற்றி, குழந்தை வளர்ப்பைப் பற்றி அல்ல. ஆனாலும் "சாப்பிடலேன்னா பூச்சாண்டி வருவான்" என்று மிரட்டும்போது குழந்தையின் மனதில் இறங்குவது கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டாவது வகை இருளைப் போன்றதுதான். அதைச் செய்யவே கூடாது.

முதல் வகை இருட்டையோ பார்க்கலாம். அப்பா விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தையோடு பாயிலேயே உட்காரட்டும். முதலில் ஒன்றும் தெரியாது. மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஆனால் சில நிமிடங்களிலேயே ஜன்னல் கம்பி தெரியும், பிறகு கொடியில் தொங்கும் சட்டை, மூலையில் இருக்கும் தவலை. "அது என்னது, சொல்லு பார்ப்போம்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தால், பாதியிலேயே குழந்தை தூங்கிப்போகும்.