நவுந்துக்குறேன்

ஒரு படம் அழகாக வரவேண்டும் என்பதற்காக அதிலிருந்து யாரை விலக்குகிறோம்? தரங்கம்பாடியில் ஒரு காலைப்பொழுது எனக்குள் கிளப்பிவிட்ட கேள்வி இது.

மயிலாடுதுறையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போயிருந்தேன். 1792இல் டேனியர் கட்டிய நகர வாசலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி கடலைப் பார்த்துப் போகிறது. ஊரைச் சுற்றியிருந்த மதிலில் பெரும்பகுதி இன்று இல்லை. வாசல் நிற்கிறது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு எழுப்பிய டான்ஸ்பர்க் கோட்டை நிற்கிறது. பழைய வீடுகளும் சர்ச்சுகளும் நிற்கின்றன. வெயில் ஏறுமுன் எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. அழகு நமக்கு ஆகாது என்று சொல்கிறவன் அல்ல நான்.

வாசலைப் படம் பிடிக்கக் காமிராவைத் தூக்கினேன். அங்கே ஒரு அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான். அவரே பார்த்துவிட்டு, "எடுத்துக்குங்க தம்பி, நான் நவுந்துக்குறேன்" என்று குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.

எடுத்தேன். சுத்தமான படம்.

ராஜ வீதியில் நடக்க நடக்க அந்த 'நவுந்துக்குறேன்' பின்னாலேயே வந்தது. எங்கள் ஊரில் எதிரே ஆண்டை வீட்டு ஆள் வந்தால் எங்கம்மா இப்படித்தான் வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நிற்கும். 'இறங்கு' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வருகிறவர் கொஞ்சம் தாமதித்தால் போதும். அந்தத் தாமதத்தை இன்றைக்கு நான் செய்திருக்கிறேன்.

புதிய எருசலேம் ஆலயத்தின் முன்னால் வந்து நின்றேன். 1718இல் கட்டியது. 1706இல் இந்தக் கடற்கரையில் வந்திறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கின் கல்லறை உள்ளே இருக்கிறது. எம்.ஏ. தமிழ் வகுப்பில் அவரை அச்சுக்கலையோடுதான் சொல்லிக்கொடுத்தார்கள். 1707இல் அவர் மிஷனில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற 5 பேரும் டேனியர் வீட்டு அடிமைகள் என்பதைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சபையிலும் பறையர் தனி, சூத்திரர் தனி என்றுதான் உட்கார்ந்தார்கள். இராஜநாயக்கன் என்ற பறையர் உபதேசியாருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. அவர் கையால் மற்ற சாதியார் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பதால் 1741இல் பட்டம் வேறொருவருக்குப் போனது. இராஜநாயக்கனை யாரும் விரட்டவில்லை. உபதேசியாராகவே வைத்துக்கொண்டார்கள். அவரையும் ஓரமாக நிற்கவைத்துவிட்டுத்தான் படம் எடுத்திருக்கிறார்கள்.

1845இல் டேனியர் இந்த ஊரை, செராம்பூரோடு சேர்த்து, ஆங்கிலேயருக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆண்டவன் மாறினான். துடைப்பம் கை மாறியதா?

சரி, அந்த அக்காவையும் படத்தில் சேர்த்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா? துடைப்பத்தோடு ஒரு பெண், பின்னால் வெள்ளைக்காரன் வாசல். நம் பத்திரிகைகளின் அட்டைக்கே போடலாம். நாமும் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். கேட்காமல் விலக்குவது தப்பு என்றால், கேட்காமல் சேர்த்துக்கொள்வதும் தப்புதான். எங்கே நிற்பது, எப்படி நிற்பது என்பதை இரண்டிலும் அவர் தீர்மானிக்கவில்லை.

திரும்பிப் போனேன். "அக்கா, உங்களையும் சேத்து ஒண்ணு எடுக்கலாமா?"

"என்னையா? குப்பை வண்டியோடயா?"

"உங்க இஷ்டம்க்கா."

கொஞ்சம் யோசித்தார். துடைப்பத்தை வண்டியிலேயே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நட்டநடுவில் வந்து நின்றார். "வாசல் முழுசா வுழணும் தம்பி."

துடைப்பத்தை அவர் வைத்துவிட்டு வந்தது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. இதையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். என் கட்டுரைக்கு அந்தத் துடைப்பம் தேவைப்பட்டது. அவருக்குத் தேவைப்படவில்லை.

"பிரிண்டு போட்டுக் குடுப்பீங்களா? இதுக்கு முன்ன எடுத்துட்டுப் போனவங்க யாரும் குடுக்கல."

கொடுக்கிறேன் என்று சொன்னேன். பிரிண்டு போட்டு இரண்டு வாரமாகிறது, மேசைமேல்தான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். கட்டுரை முந்திக்கொண்டது.